லவ்லின் பெயரில் எடுத்த அழைப்புகள்

கால் சென்டரில் எங்கள் வரிசையில் யாரை வைத்துக்கொள்வது என்று இயந்திரம் முடிவு செய்த அன்று எட்ஸெல் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கெட்ட செய்தி சொல்ல வருகிறவனுக்குப் புதுச் சட்டை எதற்கு என்று எனக்கு அப்போதே எரிச்சல். அவன்தான் எங்கள் டீம் லீடர், வயதில் என்னைவிடச் சின்னவன். சுற்றி வளைக்காமல் சொன்னான், அதுவரைக்கும் சரி. தவணை தேதி கேட்கிறவர்கள், முகவரி மாற்றுகிறவர்கள் இவர்களோடெல்லாம் இனி இயந்திரமே பேசிக்கொள்ளும். அழுகிறவர்களும் திட்டுகிறவர்களும் மட்டும் மனிதர்களிடம் வருவார்கள். அதற்கு வரிசைக்கு ஒருவர் போதும். வீட்டிலிருந்தே வேலை, சம்பளமும் கூடுதல். பிறகு போனைப் பார்த்து ஒரு பெயரைப் படித்தான். லவ்லின்.

லவ்லினின் அழைப்புகளில் அழுதுகொண்டே பேச ஆரம்பித்தவர்கள்கூட நன்றி சொல்லிவிட்டுத்தான் வைத்தார்களாம். கோபக்காரர்களைச் சமாதானம் செய்வதில் இந்தக் கட்டிடத்திலேயே அவளுக்கு நிகர் இல்லையாம். இயந்திரம் ஒவ்வொரு அழைப்பையும் கேட்டு மார்க் போட்டு வைத்திருந்தது. எட்ஸெல் அதை வாசிக்க வாசிக்க வரிசையே குனிந்து மேஜையைப் பார்த்தது. அவர்கள் எல்லோருக்கும் தெரியும், அந்த அழைப்புகளை எடுத்துப் பேசியது நான்.

லவ்லின் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் ஊரான பக்கோலோடில் நாங்கள் எல்லோருமே சங்கடம் வந்தால் சிரிக்கிறவர்கள்தான். தெருவில் ஒருவர் வழுக்கி விழுந்தால் முதலில் சிரிப்போம், பிறகு ஓடிப்போய்த் தூக்குவோம். விழுந்தவரும் சேர்ந்து சிரிப்பார். லவ்லினுக்கு அது இரண்டு மடங்கு. பயம் வந்தால் சிரிப்பு, என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் சிரிப்பு. மறுமுனையில் இருப்பவர் எங்கள் ஊர்க்காரராக இருந்தால் ஒன்றுமில்லை. எங்கள் வாடிக்கையாளர்களோ ஆஸ்திரேலியாவில் வீட்டுக் காப்பீடு எடுத்தவர்கள். ஆலங்கட்டி மழையில் கூரை போச்சு என்று ஒரு கிழவர் சொல்லும்போது இவள் களுக்கென்று சிரித்தால் அவர் என்ன நினைப்பார்?

போதாக்குறைக்கு அவள் சிரிப்பது அவள் குரலில் கேட்காது. எங்கள் பேச்சைச் சலவை செய்து அனுப்ப ஒரு மென்பொருள் உண்டு. நாங்கள் எந்தக் குரலில் பேசினாலும் அங்கே போய்ச் சேரும்போது ஒரே ஆஸ்திரேலியப் பெண்ணின் குரலாகிவிடும். அந்தக் குரலுக்கு நாங்கள் வைத்த பெயர் தோன்யா. இங்கே கரும்புத் தோட்ட முதலாளிகளின் மனைவிகளை அப்படித்தான் கூப்பிடுவோம். ஒரு நாளும் தன் தட்டைத் தானே கழுவாதவளின் குரல் அது. லவ்லின் பயந்துபோய்ச் சிரிப்பாள், அங்கே தோன்யா நக்கலாகச் சிரிப்பாள். பிறகு வசைமாரிதான்.

அவள் எனக்குப் பக்கத்து இருக்கை. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கர்ப்பமாகிவிட்டாள். மார்க் குறைந்தால் வேலை நிரந்தரமாகாது என்ற நிலை. அதனால் அழுகிற அழைப்பு வந்தால் என் முழங்கையைத் தட்டுவாள். நான் அவள் இருக்கைக்கு நகர்வேன், அவள் என் இருக்கைக்கு வருவாள். அவள் லாகினில் நான் அழுகையைச் சமாளிப்பேன், என் லாகினில் அவள் தவணை தேதி சொல்லிக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் தோன்யாதான், யாருக்கு என்ன தெரியப்போகிறது. இதில் யாரும் தப்பும் பார்க்கவில்லை. எங்கள் வரிசையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் பிரித்தால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடாமல் வாயில் போடமுடியாது. அழைப்பும் அப்படித்தான். ஒருவன் கழிப்பறைக்குப் போனால் பக்கத்தில் இருப்பவன் எடுத்துப் பேசுவான். அதைப் போய் இயந்திரம் யார் பெயரில் எழுதிக்கொள்கிறது என்று யார் யோசித்தோம்?

எனக்கு அந்த அழைப்புகள் பிடித்திருந்தன என்பதும் உண்மை. நான் பாலிசி எண்ணை முதலில் கேட்கமாட்டேன். இன்றைக்கு ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். எங்கள் ஊரில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் முதலில் கேட்பது அதைத்தான். ஆஸ்திரேலியர்கள் ஒரு கணம் திகைத்துப்போவார்கள். பெரும்பாலும் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு இருக்கும்போது யார் சாப்பிடுவார்கள்? "முதல்ல போய் ஒரு டீயாவது குடிச்சிட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்" என்பேன். அத்தோடு பாதிக் கோபம் இறங்கிவிடும்.

நான் அங்கேயே இருக்கத்தான் எனக்கு வழியில்லை. அழைப்பில் பேச்சு நின்றால் திரையின் ஓரம் மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும், அதற்கும் மேல் போனால் மார்க் போய்விடும். அவர்கள் கெட்டிலில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும்போதே இங்கே சிவப்பாகிவிடும். டீ கொதிப்பதற்குள் நான் கூப்பிட ஆரம்பித்துவிடுவேன். சார், இருக்கீங்களா, சார். அந்த மனிதர் வெறும் கையோடு போனுக்கு ஓடி வருவார். எத்தனை பேரிடம் சாப்பிட்டு வாருங்கள் என்று சொல்லியிருப்பேனோ தெரியாது, ஒருவரைக்கூட ஒரு கோப்பை டீ குடிக்க விட்டதில்லை.

கூட்டம் முடிந்து கேன்டீனில் லவ்லின் என்னிடம் வந்தாள். உண்மையைச் சொல்லிவிடப்போவதாகச் சொன்னாள், சொல்லும்போதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டை அவள் தலையில் கவிழ்க்கலாம்போல் இருந்தது.

"சிரிக்காதே, இண்டாய். உன் வாயை மூடிக்கிட்டு இரு. அடுத்தவ லாகின்ல பேசினா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும், தெரியுமில்ல?"

"உங்களுக்குத்தான் எப்படியும் போகுதே, மானங்." வயதில் மூத்தவளை இங்கே மானங் என்போம், இளையவளை இண்டாய், இளையவனை டோட்டோ.

"அப்போ உனக்காவது இருக்கட்டும்."

பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். அதைச் சொல்லிவிட்டு நான் நேராக எட்ஸெலிடம்தான் போனேன். பன்னிரண்டு வருஷம் ஹெட்செட் மாட்டித் தேய்ந்த காது எனக்கு. தம்பி கப்பல் கல்லூரியில் படிக்கிறான். நானும் என்னால் முடிந்தவரை யோசித்துவிட்டேன், சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவன் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினான்.

"மானங் வெங், நீங்க என்ன சொல்ல வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா என் காதில விழுந்துட்டா நான் எழுதிக் கொடுத்தாகணும். அப்புறம் மூணு பேரும் வெளியில."

"தெரிஞ்சுகிட்டேதான் அந்தப் பேரைப் படிச்சியா?"

"மெஷின் கொடுத்த பேரைப் படிச்சேன்."

புதுச் சட்டையின் மடிப்புகூட இன்னும் கலையவில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

வேலை போன பிறகு ஊரில் இருக்கிற எல்லா கால் சென்டர்களின் படியும் ஏறினேன். எல்லோருக்கும் பழைய கம்பெனியின் மார்க் வேண்டும். என் மார்க்கில் என்ன இருக்கிறது? என் பெயரில் லவ்லின் சொன்ன தவணை தேதிகளும், அவ்வப்போது அவள் சிரித்த சிரிப்பும். எளிய அழைப்புகளுக்கு ஏற்றவர் என்று போட்டிருந்தது. எளிய அழைப்புகளுக்கு இனி ஆளே தேவையில்லை என்று ஓர் இடத்தில் ஒரு பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். இன்னோர் இடத்தில் நேர்முகத்தையே இயந்திரம்தான் நடத்தியது. அதனிடம் நான் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் லவ்லின் ஒரு பாத்திரம் நிறைய பன்சித் நூடுல்ஸ் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. முதலில் குழந்தைக்கு நான்தான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்றாள். இதற்கு முடியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. பிறகு அழுதாள். வீட்டிலிருந்து வேலை தொடங்கியதிலிருந்து அழுகிறவர்களைத் தவிர வேறு யாரும் அவளுக்கு வருவதில்லை. இரண்டு முறை எச்சரிக்கை வந்துவிட்டது. அவளுடைய மார்க் திடீரென்று ஏன் விழுந்தது என்று இயந்திரம் கேட்கிறதாம், உடம்பு சரியில்லையா என்று அன்பாக விசாரிக்கிறதாம்.

"நீங்க வந்து பேசுங்க மானங். சம்பளத்துல பாதி உங்களுக்கு. பாதி என்ன, நீங்க சொல்றதை எடுத்துக்கங்க."

பன்சித்தைச் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். என் வேலையை நான் செய்ய இன்னொருத்தியின் சமையலறைக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக இருந்தது. பன்சித் நன்றாக இருந்தது. மறுநாளே போனேன்.

காலையில் அவள் கேமராவுக்கு முகம் காட்டுவாள். நல்வரவு லவ்லின் என்று திரையில் வரும். அவள் எழுந்துகொள்வாள், நான் உட்காருவேன். அதற்குப் பிறகு கேமரா யாரையும் பார்க்காது, காது மட்டும்தான். ஜன்னலுக்கு வெளியே அவள் புருஷன் ஆர்னெல் வளர்க்கும் சண்டைச் சேவல்கள் ஓயாமல் கூவும். தோன்யா அந்தச் சத்தத்தையும் சலவை செய்துவிடுவாள், ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கூவல்கூடப் போனதில்லை. மார்க் பழையபடி ஏறியது. அந்த மாதம் இயந்திரம் லவ்லினைப் பாராட்டி ஒரு சான்றிதழ் அனுப்பியது. ஆர்னெல் அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்டான். நான் பார்த்த பார்வையில் கேள்வியை விழுங்கிக்கொண்டு சேவலுக்குத் தீனி வைக்கப் போனான்.

பிரசவ விடுப்பைப் பற்றி லவ்லின் பேச்சே எடுக்கவில்லை. நானாகக் கேட்டேன். சம்பளத்தோடு கிடைக்கிற விடுப்பு, சட்டப்படி அவளுடையது. விடுப்பு எடுத்தால் லாகினை மூடிவிடுவார்கள், பிறகு உங்களுக்கு என்ன வழி என்றாள். கர்ப்பம் என்றே அலுவலகத்துக்கு இன்னும் சொல்லவில்லையாம், கேமராவில் கழுத்துக்கு மேல்தானே தெரிகிறது என்றாள். குழந்தை பிறந்தாலும் காலையில் ஒரு நிமிஷம் முகம் காட்ட முடியாதா என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நான் ஒத்துக்கொண்டேனா இல்லையா என்று இப்போது கேட்டால், மறுக்கவில்லை. எனக்கு அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலை நான் போனபோது வீட்டில் சேவல்கள் மட்டும்தான் இருந்தன. விடியும் முன்பே வலி எடுத்து ஆர்னெல் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தான். மேஜையில் மடிக்கணினி இருந்தது, பக்கத்தில் அவள் அவசரமாக ஒரு துணிப்பையையும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். போன் செய்தாள். கணினியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு சீக்கிரம் வாருங்கள், ஷிப்ட் தொடங்கப்போகிறது என்றாள்.

மூன்று சக்கர வண்டி பிடித்துப் போனேன். பிரசவ வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் படுத்திருந்தார்கள். லவ்லினின் முடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது. நான் கணினியைத் திறந்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். முகம் தெரியவில்லை என்றது திரை. கொஞ்சம் நிமிர்ந்தாள். அமைதியாக, நேராகப் பார்க்கவும் என்றது. அவள் உதட்டை இழுத்துப் பிடித்தாள், அதற்குள் அடுத்த வலி வந்து முகத்தைப் பிழிந்தது. இது லவ்லின் அல்ல என்றது.

"இன்னொரு தடவை, மானங். இது போனதும் டக்குனு காட்டிடறேன்."

"போதும் விடு."

"உங்க வேலை போயிடும்."

"என் வேலைக்கு நீ பிள்ளை பெத்துக்கறதை நிறுத்தி வைப்பியா? கையை எடு."

அவள் திரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கணினியை மூடினேன். அவள் சிரிக்க ஆரம்பித்து அது பாதியில் அலறலாக மாறியது. நர்ஸ் வந்து என்னை வெளியே துரத்தினாள். தாழ்வாரத்தில் நின்று நானே எட்ஸெலுக்குப் போன் செய்தேன். லவ்லினுக்குப் பிரசவம், விடுப்பு எழுதிக்கொள் என்றேன். நீங்கள் எப்படி அங்கே என்று அவன் கேட்கவில்லை. எழுதிவிடுகிறேன், அவள் இடத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை, ஏற்கெனவே தயாராக இருக்கிறது என்றான். என்ன தயார் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது.

பெண் குழந்தை. ஞானஸ்நானத்தன்று நான்தான் கையில் ஏந்தி நின்றேன். அன்றிலிருந்து லவ்லின் என்னை மானங் என்று கூப்பிடுவதை விட்டு மாரே என்கிறாள். குழந்தையின் தாயும் ஞானத்தாயும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். எட்ஸெலும் ஞானத்தகப்பன்களில் ஒருவன். அதே புதுச் சட்டை, இப்போது கொஞ்சம் பழசாகியிருந்தது. பன்றி வறுவல் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் வேலை போகப்போகிறது என்று மிகச் சாதாரணமாகச் சொன்னான். அழுகிறவர்களோடும் இனி இயந்திரமே பேசும். மிகச் சிறந்த அழைப்புகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறது. லவ்லின் விடுப்பு முடிந்து திரும்பும்போது அவளுக்கும் இருக்கை இருக்காது, அதை அவளிடம் இன்று சொல்ல வேண்டாம் என்றான்.

"யாரோட அழைப்பைக் கேட்டுப் பழகிச்சு, டோட்டோ?"

அவன் தட்டை வைத்துவிட்டுப் போனை எடுத்தான். ஒரு போன் எண்ணை எனக்கு அனுப்பினான். பரிசோதனை எண், யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றான். "நீங்க ஒரு தடவை கேட்கணும், மானங் வெங். அவ்வளவுதான்."

கேட்கவே கூடாது என்று இருந்தேன். ஆனால் மறுநாள் மத்தியானம் அறையில் தனியாக இருந்தபோது கை அதுவாக எண்ணை அழுத்தியது. தோன்யாவின் குரல்தான் எடுத்தது.

"வணக்கம், லவ்லின் பேசறேன்."

வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டது, எல்லாம் நனைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அது உடனே பேசவில்லை. நான் விடுவேனே, அதே அளவு இடைவெளி விட்டது. பாலிசி எண்ணைக் கேட்கவில்லை.

"இன்னிக்கு ஏதாவது சாப்பிட்டீங்களா?"

நான் சாப்பிட்டிருக்கவில்லை. அப்படியே சொன்னேன்.

"முதல்ல போய் ஏதாவது சாப்பிட்டுட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்."

அப்படியா, இரு பார்க்கலாம் என்று போனை மேஜைமேல் வைத்தேன். சோறு வடித்தேன். கருவாடு வறுத்தேன், வினிகரில் பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டேன். உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன், இரண்டாவது முறையும் சோறு போட்டுக்கொண்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். மழை தூறியது, வெளியே போய்க் கொடியிலிருந்த துணிகளை எடுத்துவந்து மடித்தும் வைத்தேன். இத்தனைக்கும் போன் ஒரு சத்தம் போடவில்லை, இருக்கீங்களா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. இணைப்பு அறுந்திருக்கும் என்றுதான் எடுத்துக் காதில் வைத்தேன்.

"வந்துட்டீங்களா? வயிறு நிறைஞ்சுதா?"

வேலை போன அன்றுகூட எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. என் கேள்வியை அது எடுத்துக்கொண்டதற்காக அல்ல, லவ்லின் பெயரில் பேசியதற்காகவும் அல்ல. வெறும் கையோடு ஓடி வந்த அத்தனை பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்கள் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை நானும் இருந்திருப்பேன். எனக்கு மட்டும் சிவப்பு விளக்கு எரியவிட்டார்கள்.

அது இன்னும் காத்துக்கொண்டிருந்தது. நான்தான் வைத்தேன்.